வியாழக்கிழமை சிப்ஸ்

ஜூன் 6, வியாழன்

இன்று மதியம் தட்டில் சிப்ஸ் இல்லை. அது இருக்க வேண்டிய பள்ளத்தில் நாலு வட்டம் வெள்ளரிக்காய் இருந்தது.

இந்த முதியோர் குடியிருப்புக்கு நானும் என் மனைவி துளசிமணியும் வந்து மூன்று வருஷம் ஆகிறது. கோயமுத்தூரில் துடியலூர் தாண்டி, ஜன்னலைத் திறந்தால் மலை தெரியும் என்று சொல்லித்தான் மகன் சேர்த்துவிட்டான். மலையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? வந்த அன்று வியாழக்கிழமை. சாப்பாட்டுக் கூடத்தில் சாம்பார் சாதம், தயிர் சாதம், இரண்டுக்கும் தொட்டுக்கொள்ள உருளைக்கிழங்கு சிப்ஸ். கடலை எண்ணெயில் பொரித்தது. பதினெட்டாம் நம்பர் காப்பர் கம்பியின் கனம், கூடுதலும் இல்லை, குறைச்சலும் இல்லை. அதைத் தின்ற பிறகுதான் பெட்டியைப் பிரித்தேன்.

கம்பிக் கனம் எனக்குக் கண்ணாலேயே தெரியும். நம்பர் குறையக் குறையக் கனம் கூடும். கணபதியில் நாற்பத்தொரு வருஷம் மோட்டார் ரீவைண்டிங் கடை வைத்திருந்தவன் நான். படித்தது ஐந்தாம் வகுப்பு. எந்த வாத்தியாரும் எனக்கு மோட்டார் சொல்லிக்கொடுக்கவில்லை. எரிந்துபோன ஒரு மோட்டாரைப் பிரித்தேன், திரும்பச் சுற்றினேன், ஓடியது.

சமையல் மாஸ்டர் சென்னியப்பனிடம் கேட்டேன். "நிறுத்தச் சொல்லிட்டாங்க" என்றார். யார் என்று கேட்டால் குழம்பு வாளியைத் தூக்கிக்கொண்டு அடுத்த வரிசைக்குப் போய்விட்டார்.

அறையில் மேஜை ஆடுகிறது. திங்கட்கிழமை ஆஸ்பத்திரியில் கொடுத்த ஒரு காகிதத்தை எட்டாக மடித்துக் காலுக்கடியில் வைத்தேன். கச்சிதமாக இருக்கிறது.

ஜூன் 7

மேலாளர் ஹெப்சிபாவைப் பார்த்தேன். நாகர்கோவில் பக்கத்துப் பெண். முன்பு நர்ஸாக இருந்தவர். எதைச் சொன்னாலும் கையைப் பிடித்துக்கொண்டுதான் சொல்வார். நாடி பார்க்கிறார் என்பது எனக்குத் தெரியாது என்று நினைப்பு.

"நா என்ன ஐயா செய்யட்டும்? சாப்பாட்டுக் கமிட்டி எடுத்த முடிவு."

"கமிட்டிக்குத் தலைவர் யாரு? அவரை வரச் சொல்லுங்க."

"நீங்களே கூப்பிடுங்க. உங்க ரூம்லதான் இருக்காங்க."

துளசிமணி போன மாதம்தான் தலைவி ஆனாளாம். ஐம்பது வருஷமாக ஒரே வீட்டில் இருக்கிறோம். இதை எனக்கு ஹெப்சிபா சொல்ல வேண்டியிருக்கிறது.

ஜூன் 8

துளசிமணியோடு பேச்சு இல்லை. காப்பி மட்டும் வாங்கிக்கொண்டேன்.

ஜூன் 10

மாடிப்படியை யாரோ உயர்த்திக் கட்டியிருக்கிறார்கள். முன்பு ஒரே மூச்சில் ஏறுவேன். இப்போது மூன்று இடத்தில் நிற்க வேண்டியிருக்கிறது. டேப் வைத்து அளந்தேன். எல்லாப் படியும் ஏழு அங்குலம். டேப்பும் பழசு.

அந்தக் காகித விஷயத்தையும் எழுதிவிடுகிறேன், பின்னால் யாரும் நான் மறைத்தேன் என்று சொல்லக் கூடாது. இதயத்துக்குப் போகிற மூன்று குழாயில் அடைப்பாம். மார்பைத் திறந்து சரி செய்ய வேண்டுமாம். அதற்கு நான் சம்மதக் கையெழுத்துப் போட்டுக் கொண்டுவர வேண்டும், இந்த மாதம் தாண்டக் கூடாது என்று டாக்டர் சொன்னார். அவருக்கு வயசு முப்பத்தைந்து இருக்கும். "நீங்கள் இதுவரை எத்தனை மோட்டார் பிரித்திருக்கிறீர்கள்?" என்று கேட்டேன். புரியாமல் சிரித்தார்.

சிப்ஸ் திரும்ப வந்தால் கையெழுத்து. வராவிட்டால் இல்லை. இதைக் காலையில் துளசிமணியிடம் சொல்லிவிட்டேன். பேச்சு இல்லாததால் சுவரைப் பார்த்துச் சொன்னேன்.

அவளும் சுவரைப் பார்த்தே பதில் சொன்னாள். "சுவத்துக்கிட்டச் சொல்லுங்க, கையெழுத்துப் போட்டாத்தான் சிப்ஸுன்னு."

ஜூன் 13, வியாழன்

மறுபடியும் வெள்ளரிக்காய். வைக்க வந்தபோது அந்தப் பள்ளத்தைக் கையால் மூடிக்கொண்டேன். "இது சிப்ஸுக்கு உண்டான இடம். வேற எதும் வெக்காதீங்க" என்றேன், கூடம் முழுக்கக் கேட்கும்படி. பத்துப் பேராவது என்னைப் பார்த்துத் தாங்களும் கையை வைத்து மூடுவார்கள் என்று எதிர்பார்த்தேன். ஒருவரும் மூடவில்லை. எதிரில் உட்காரும் ஓய்வு பெற்ற போஸ்ட்மாஸ்டர் ஞானப்பிரகாசம் இரண்டாம் தடவை வெள்ளரிக்காய் கேட்டு வாங்கினார்.

"ஏனுங், வெக்கமா இல்லீங்களா உங்களுக்கு?"

"குளிர்ச்சிங்ணா. கண்ணுக்கு நல்லது."

போன மாதம் வரை என் தட்டிலிருந்து சிப்ஸ் திருடித் தின்றவர் இவர்.

மாலையில் ஒரு மனு எழுதினேன். "வியாழக்கிழமை சிப்ஸ் என்பது சலுகை அல்ல, உரிமை." நல்ல வரி. இங்கே மொத்தம் நாற்பத்தாறு பேர். என்னையும் துளசிமணியையும் விட்டால் நாற்பத்து நாலு. கதவு கதவாகப் போனேன். ஒருவருக்குக் கண்ணாடி காணோம். ஒருவருக்குக் கை நடுக்கம், ஆனால் சீட்டு ஆடிக்கொண்டிருந்தார். ஞானப்பிரகாசம் பேனாவில் மை இல்லை என்றார். முப்பத்தெட்டு வருஷம் தபால் ஆபீஸில் இருந்தவர்.

கடைசியாக மங்களம் டீச்சர். எண்பத்தெட்டு வயசு. இங்கே எல்லோருக்கும் அவர் டீச்சர்தான், யாருக்கும் பாடம் எடுத்ததில்லை என்றாலும். மனுவை முழுக்கப் படித்தார்.

"எழுத்து நல்லா இருக்கு மயில்சாமி. ஆனா முதல் கையெழுத்து நீதான் போடணும்."

"போட்டிருக்கேனுங்களே டீச்சர். பாருங்க, மேலயே இருக்குது."

"இதுல இல்லப்பா" என்று சொல்லிக் கதவைச் சாத்திக்கொண்டார். வயசாகிவிட்டது, பாவம். என்ன பேசுகிறோம் என்று தெரியவில்லை.

ஜூன் 15

கோழைகளை நம்பிப் பயனில்லை என்று முடிவு செய்தேன்.

சனிக்கிழமை கேட்டுக்கு வருகிற காய்கறி வண்டியில் இரண்டு கிலோ ஊட்டிக் கிழங்கு வாங்கினேன். செம்மண் அப்பியிருந்தது. அதுதான் அடையாளம். கழுவாமல் அப்படியே வேட்டி மடிப்பில் மறைத்துக் கொண்டுவந்து, கட்டிலுக்கடியில் என் பழைய கம்பிப் பெட்டியில் வைத்தேன். துளசிமணி பாராயணத்துக்குப் போயிருந்தாள். ஒருவருக்கும் தெரியாது.

சீவுவதற்குக் கட்டை இருக்கிறது. எண்ணெய் வாங்கியாயிற்று. பம்ப் ரூம் சாவி என்னிடம்தான் இருக்கிறது, அந்த மோட்டாரை இலவசமாகப் பார்த்துக்கொள்வதால். கரண்ட் அடுப்பு நானே சுற்றியது.

ஜூன் 18

பம்ப் ரூமில் பொரித்தேன். முறையை எழுதிவைக்கிறேன். கிழங்கைச் சீவிக் குவித்து வைக்கக் கூடாது, காய்ந்த எண்ணெய்க்கு நேர் மேலே கட்டையைப் பிடித்து உள்ளேயே சீவ வேண்டும். ஒன்றோடு ஒன்று ஒட்டாது. எண்ணெயில் நுரை அடங்கி வரும்போது உப்புத் தண்ணீரை ஒரு கரண்டி அப்படியே எண்ணெயில் விட வேண்டும். படபடவென்று வெடிக்கும். பயந்தவர்கள் உப்புத் தூளை மேலே தூவிக்கொள்கிறார்கள். அது ஒட்டாது.

இவ்வளவையும் முறைப்படிச் செய்தேன். சிப்ஸ் கருப்பாக வந்தது. மொறுமொறுப்பும் வரவில்லை. கடித்தால் இனித்தது. எண்ணெய் கலப்படம். வேறென்ன.

கொள்கைக்காக நாலு தின்றேன். மீதியை வெளியே போட்டேன். ஒரு காக்கை ஒன்றை எடுத்துக்கொண்டு மதில் மேல் உட்கார்ந்தது, கொஞ்சம் யோசித்தது, அங்கேயே வைத்துவிட்டுப் போனது.

பிறகு பம்ப் மேடையில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். அடுப்புச் சூட்டில் நெஞ்சு கனத்தது. ரூமில் காற்றோட்டம் இல்லை. ஹெப்சிபாவிடம் சொல்ல வேண்டும், ஆனால் அங்கே எதற்குப் போனீர்கள் என்று கேட்பார்.

கிழங்கின் செம்மண் பெட்டியிலேயே உதிர்ந்துவிட்டது போல. எல்லாம் பளிச்சென்று இருந்தன. உயர்ந்த ரகம் அப்படித்தான்.

ஜூன் 20, வியாழன்

கூடத்தில் வெள்ளரிக்காய். பம்ப் ரூமில் புது எண்ணெய். சிப்ஸ் போன தடவையை விடக் கருப்பு.

ஜூன் 21

மாஸ்டரிடம் நேராகக் கேட்க முடியாது. "என்ற சிநேகிதர் ஒருத்தர், சூலூர்ல. அவர் பொரிச்சா கருகுதாம். என்னன்னு கேட்டாரு" என்றேன்.

சென்னியப்பன் வெங்காயம் அரிந்துகொண்டிருந்தார். யோசிக்காமல் சொன்னார். "கிழங்கை ஃப்ரிட்ஜுல வெச்சிருப்பாருங்க. பத்து நாள் குளிருல கெடந்தா கெழங்கு சக்கரை ஏறிப் போகுமுங்க. அத எப்படிப் பொரிச்சாலும் கருகத்தான் செய்யும்."

"என்ற கெழங்கு குளிரையே பாத்ததில்லியே!"

"உங்க கெழங்குங்களா? சிநேகிதர்னீங்க?" என்றவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டு வெங்காயத்தைப் பார்க்க ஆரம்பித்தார். கண்ணில் தண்ணீர். வெங்காயத்தாலா, சிரிப்பாலா என்று தெரியவில்லை.

நேராக அறைக்கு வந்து ஃப்ரிட்ஜைத் திறந்தேன். கீழ்த் தட்டில் முருங்கைக் கீரை. கீரைக்கடியில் என் கிழங்கு. செம்மண்ணோடு, இரண்டு கிலோவும்.

துளசிமணி கட்டிலில் உட்கார்ந்து துணி மடித்துக்கொண்டிருந்தாள். பதிமூன்று நாள் கழித்து அவள் முகத்தைப் பார்த்துப் பேசினேன்.

"இது எப்ப இங்க வந்துச்சு?"

"நீங்க வாங்குன அன்னிக்கே."

"அப்ப பெட்டில இருந்தது?"

"மாஸ்டருகிட்ட வாங்குனது. சிப்ஸ நிறுத்துன அன்னிக்கே ரெண்டு கிலோ வாங்கி ஃப்ரிட்ஜுல போட்டு வெச்சுட்டேன். எப்படியும் நீங்க திருட்டுத்தனமா வாங்குவீங்கன்னு தெரியாதுங்களா? வேட்டியெல்லாம் செம்மண்ணு. தொவைக்கிறது யாரு?"

"ஏம்புள்ள, இது துரோகமில்லியா?"

"ஆமாங். துரோகந்தான்." ஒரு சட்டையை எடுத்து உதறினாள். "அம்பது வருசமா உங்க வீம்பப் பாத்துட்டு இருக்கறேன். இன்னும் கொஞ்ச நாளைக்குப் பாக்கோணும்னு ஆசையா இருக்குது. அந்த மேஜைக் காலுக்கடில இருக்கற பேப்பர எடுங்க."

எடுக்கவில்லை. எடுத்தால் மேஜை ஆடும்.

ஜூன் 25

படிக்கட்டின் நடுவில் உட்கார்ந்தேன், மேலே ஒயரிங் எப்படிப் போகிறது என்று பார்க்க. மோசமான ஒயரிங். நன்றாகப் பார்க்க வேண்டுமே என்று படுத்தும் பார்த்தேன். அதற்குள் ஹெப்சிபாவும் ஞானப்பிரகாசமும் இன்னும் இரண்டு பேரும் ஓடி வந்து என்னைத் தூக்கிக்கொண்டு போனார்கள். நாக்குக்கடியில் ஒரு மாத்திரை வைத்தார்கள். ஞானப்பிரகாசம் மாத்திரை டப்பாவை இரண்டு தடவை கீழே போட்டார். தபால்காரர்களுக்கு இந்த மாதிரி விஷயங்களில் பழக்கம் இல்லை.

துளசிமணி படியில் கிடந்த என் செருப்பை எடுத்து வந்து கட்டிலடியில் வைத்தாள். திட்டியிருந்தால் சமாளித்திருப்பேன்.

ஜூன் 27, வியாழன்

வெள்ளரிக்காய் வந்தது. நான் பள்ளத்தை மூடினேன்.

மங்களம் டீச்சர் தன் வாக்கரைத் தள்ளிக்கொண்டு என் மேஜைக்கு வந்தார். இருபது அடி தூரம், ஐந்து நிமிடம் ஆனது. வந்து நின்று மூச்சு வாங்கிக்கொண்டு, என் கையைத் தட்டிலிருந்து எடுத்து அந்தப் பக்கம் வைத்தார்.

"மயில்சாமி, சிப்ஸ நிறுத்தினது யாருன்னு நெனைச்சே?"

"கமிட்டிங்க."

"கமிட்டி இல்ல. உன் பொண்டாட்டி கதவு கதவா வந்தா. நீ மனு எடுத்துட்டு வந்தியே, அதுக்குப் பத்து நாள் முன்னாடி. 'கூடத்துல சிப்ஸ் இருந்தா அவரு தன்னுது இல்லேன்னாலும் அடுத்தவங்க தட்டுல எடுத்துத் தின்னுருவாரு, ஆபரேஷன் முடியற வரைக்கும் யாரும் சாப்பிடாம இருக்க முடியுமா'ன்னு கேட்டா. நாப்பத்து நாலு பேரும் சரின்னோம். ஒருத்தர்கூட யோசிக்கல."

நான் ஞானப்பிரகாசத்தைப் பார்த்தேன். அவர் வெள்ளரிக்காயைப் பார்த்தார். "எனக்கு வெள்ளரிக்காயே புடிக்காதுங்ணா" என்றார்.

"என்னைக் கேட்டீங்களா யாராச்சும்? நான் சொன்னனா எனக்காக விடுங்கன்னு?"

"கேட்டா நீ விடுவியா?" டீச்சர் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டார். "இத பாரு. எனக்கு எண்பத்தெட்டு. வாரத்துல எனக்குப் புடிச்ச நாள் ஒண்ணே ஒண்ணு. இனி எத்தனை வியாழக்கிழமை எனக்கு மிச்சம்னு தெரியாது. அதுல நாலு உனக்குக் குடுத்தாச்சு. அஞ்சாவது குடுக்கிற மாதிரி வெக்காதே."

திரும்பிப் போக அவருக்கு இன்னும் ஐந்து நிமிடம் ஆனது.

நான் வெள்ளரிக்காயைத் தின்றேன். ருசி என்று ஒன்றும் இல்லை.

ஜூன் 28

மேஜை ஆடுகிறது.

காரணத்தைத் தெளிவாக எழுதிவைக்கிறேன், யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எனக்குப் பயம் வந்துவிடவில்லை. துளசிமணி ஜெயித்தாள் என்றும் இல்லை. ஒருவர் இன்னொருவருக்கு எதை வேண்டுமானாலும் விட்டுக்கொடுக்கலாம், எண்பத்தெட்டு வயசில் வியாழக்கிழமையை விட்டுக்கொடுக்கக் கூடாது. வாங்கிக்கொள்கிறவனுக்கு அது கேவலம்.

படிவம் நாலு பக்கம். அகராதி வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகப் படித்தேன். இரண்டு இடத்தில் எழுத்துப் பிழை இருந்தது, திருத்தினேன். பிறகு கையெழுத்துப் போட்டேன். துளசிமணி வாங்கி, மடிப்பையெல்லாம் நீவி நீவி நேராக்கிக்கொண்டே இருந்தாள். அரை மணி நேரம். நேரான பிறகும் நீவினாள்.

ஜூலை 1

ஆஸ்பத்திரி. நர்ஸ் ஒரு பட்டியல் வைத்துக்கொண்டு கேட்டாள். "ஏதாச்சும் ஒத்துக்காத பொருள் இருக்காங்கய்யா? அலர்ஜி?"

"வெள்ளரிக்காய்."

எழுதியேவிட்டாள். துளசிமணி பேனாவை வாங்கி அடித்துவிட்டாள்.

நாளைக் காலை ஏழு மணிக்கு. இரவுச் சாப்பாடு கிடையாது என்று சொல்லிவிட்டார்கள், அதையும் இன்றைக்குத்தான் சொல்கிறார்கள். துளசிமணி என் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறாள், கரண்ட் வருகிறதா என்று தொட்டுப் பார்க்கிற மாதிரி. இடது கைதான். அதனால் எழுத முடிகிறது.

ஜூலை 3

இத எழுதறது துளசிமணி. ஆபரேசன் நல்லபடியா முடிஞ்சுது. கண்ணு முழிச்சதும் ஏ.சி. சத்தம் சரியில்லை, பேரிங் தேஞ்சு போச்சுன்னு சொன்னாரு. அப்பத்தான் எனக்கு உசுரு வந்துச்சு.

கையில பேனா புடிக்க இன்னும் ஒரு வாரம் ஆகுமாம். நோட்டைத் தலமாட்டுல வெச்சிருந்தாரு. மொதல்ல இருந்து படிச்சுட்டேன். படி உசரமெல்லாம் எப்பவும் போலத்தான் இருக்குது.

ஜூலை 11

என் நோட்டில் யாரோ எழுதியிருக்கிறார்கள். கையெழுத்து சுமார். பேரிங் பற்றி எழுதியது சரி.

ஜூலை 18, வியாழன்

குடியிருப்புக்குத் திரும்பி மூன்று நாள் ஆகிறது. இன்றுதான் கூடத்துக்குப் போக ஹெப்சிபா விட்டார். இரண்டு பக்கமும் ஆள் பிடித்து நடத்திக் கூட்டிப் போனார்கள், சாமி புறப்பாடு மாதிரி. படியில் ஒரு இடத்தில்தான் நின்றேன். திரும்பச் சரியாகக் கட்டியிருப்பார்கள்.

ஆபரேஷன் முடிந்து இரண்டு வியாழக்கிழமை போயிருந்தது. அப்போதே சிப்ஸ் போட்டிருக்கலாம். போடவில்லையாம். "நீங்க வந்து உக்காரட்டும்னு டீச்சர் சொல்லிட்டாங்க ஐயா" என்றார் ஹெப்சிபா. நான் கேட்கவில்லை. என்னை யாரும் எதுவும் கேட்பதில்லை.

சென்னியப்பன் கூடையோடு வந்தார். வரிசையாகக் கொட்டிக்கொண்டே போனார். எனக்கு உப்பில்லாத சுரைக்காய்ப் பொரியல். எல்லோர் தட்டிலும் சிப்ஸ் இருந்தது, ஒருவரும் தொடவில்லை. ஞானப்பிரகாசம் தன்னுடையதை ரசக் கிண்ணத்துக்குப் பின்னால் தள்ளி மறைத்தார். பக்கத்தில் துளசிமணி தயிர் சாதத்தையே பிசைந்துகொண்டிருந்தாள். நாற்பத்தைந்து பேர் தலையைக் குனிந்துகொண்டு, துக்க வீட்டுப் பந்தி மாதிரி உட்கார்ந்திருந்தார்கள்.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. டம்ளரால் மேஜையைத் தட்டினேன்.

"என்னங்க இது? செத்தா போயிட்டேன்? எடுத்துத் தின்னுங்க! நமுத்துப் போகுது!"

பிறகு கூடத்தின் அந்தக் கோடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது. கறுக்கென்று ஒன்றே ஒன்று. மங்களம் டீச்சர். அப்புறம் ஞானப்பிரகாசம். அப்புறம் தகர ஷெட் மேல் மழை பிடிக்கிற மாதிரி இங்கொன்றும் அங்கொன்றுமாக ஆரம்பித்துக் கூடம் முழுக்கப் பிடித்துக்கொண்டது.

"ஏம்புள்ள, நீ திங்கல?"

"பொறவு தின்னுக்கறேன்."

"இப்பவே தின்னு. நான் கேக்கோணும்."

ஒன்றை எடுத்து வாயில் போட்டாள். எனக்கு ஒன்றும் நீட்டவில்லை. நானும் கேட்கவில்லை. அவள் மென்று முடிக்கிற வரை காத்திருந்தேன்.

"மாஸ்டர், கனம் ஜாஸ்தி" என்றேன். "பதினேழாம் நம்பர் சத்தம் வருது."

"தின்னாமயே எப்படீங்க சொல்றீங்க?" என்றார் சென்னியப்பன்.

"தின்னாம இருக்கறவனுக்குத்தான் சரியாக் கேக்கும்."

அந்தக் கோடியில் ஏதோ சலசலப்பு. திரும்பினால், மங்களம் டீச்சர் தன் தட்டைக் காலி செய்துவிட்டு, பக்கத்தில் இருந்தவர் தட்டில் கை வைத்திருந்தார். அவர் தட்டை இழுக்கிறார், டீச்சர் விடவில்லை. "வயசுக்கு மரியாதை குடு!" என்கிறார். பறிகொடுத்தவருக்கு வயசு எண்பத்தொன்று.

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. ரொம்ப நாள் கழித்து அடிவயிற்றிலிருந்து வந்த சிரிப்பு. நடு மார்பில் கத்தியால் கீறின மாதிரி வலித்தது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டேன். துளசிமணி பயந்துபோய் எழுந்தாள், ஹெப்சிபா ஓடி வந்து கையைப் பிடித்தார். ஒன்றுமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். டீச்சர் அதற்குள் அந்தத் தட்டையும் காலி செய்துவிட்டதைப் பார்த்து இன்னும் சிரித்தேன், இன்னும் வலித்தது.

சிரித்தால் தையல் இழுக்கும் என்று அந்தப் படிவத்தில் எங்கேயும் போடவில்லை. நாலு பக்கத்தையும் வரி வரியாகப் படித்துத்தான் கையெழுத்துப் போட்டேன். நாளைக்கே ஆஸ்பத்திரிக்கு ஒரு புகார் எழுதப்போகிறேன்.